அந்த வீட்டு மாப்பிள்ளை

"என்ட புருஷன் என்ன குத்தம் செஞ்சவர் எண்டு சொல்லுங்க மிஸ். அவருக்கிட்டக் கேட்டா அவருக்கும் தெரியாது எண்டுறார்."

ஜெனூபாவிடம் வருகிறவர்கள் வழக்கமாக இப்படிக் கேட்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கப்போகிற முதலாளிமார்தான் வருவார்கள். இவர் நல்லவரா, முன்னம் வழக்குக் கிழக்கு ஏதும் உண்டா என்று விசாரித்துத் தரச் சொல்வார்கள். கல்முனை பஸாரில் செருப்புக் கடைக்கு மேல்மாடி, ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு இரும்பு அலுமாரி. இதுதான் அவளுடைய காரியாலயம். பதினெட்டு வருடம் நீதிமன்றப் பதிவறையில் தூசி தின்றுவிட்டு, முன்கூட்டியே ஓய்வு பெற்று வந்து இதைத் தொடங்கினாள். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அந்த ஒற்றைத் தாளுக்கு ஊரில் தனி மரியாதை. பொலிஸ் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "ஜெனூபா மிஸ் என்ன சொல்றா?" என்று கேட்கிற முதலாளிமாரும் உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

முன்னால் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் ஸுலைஹா, சாய்ந்தமருதில் வீடு என்றாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள் வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து றஸாக் மூன்று பிளேன்ரீயோடு படியேறி வந்தார். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது, அதனால் ஜெனூபா அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஓட்டோச் சாரதி, வெளிவேலை பார்ப்பவர், தட்டெழுத்தாளர் எல்லாம் ஐந்து வருடமாக அவர்தான். வாய் மட்டும் சம்பளம் இல்லாமல் ஓவர்டைம் பார்க்கும்.

"மத்தப் பொம்பளயள் புருஷன்ர குத்தத்த லிஸ்ட் போட்டுக் கொண்டு வருவாங்க தங்கச்சி. லிஸ்ட் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

ஸுலைஹா சிரிக்கவில்லை. மடித்த தாளை விரித்து மேசையில் வைத்தாள். அது ஜெனூபாவின் அறிக்கையின் பிரதி. அவள் கணவன் அக்ரம், ஒரு தனியார் பாடசாலையின் பஸ் சாரதி வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அதிபர் நதீரா டீச்சர் அவனைப் பற்றி விசாரித்துத் தரச் சொல்லி, போன வாரம் ஜெனூபா அனுப்பிய தாள் அது.

"நேத்து டீச்சர் என்னக் கூப்பிட்டு இதக் காட்டினா. லைசன்ஸ் சரி, பதினொரு வருஷம் லொறி ஓடின அனுபவம் சரி, ஆனா இந்த ஒரு வரி இரிக்கே, சின்னப் புள்ளைகள் ஏறுற பஸ், நான் என்ன செய்ற எண்டு கேட்டா. இண்டைக்கு மூணு மணிக்குள்ள விளக்கம் கொண்டு வந்தாப் பாப்பாவாம். இல்லாட்டி மத்த ஆள எடுக்கிறாவாம்."

ஜெனூபா அந்த ஒரு வரியை வாசித்தாள். பொலிஸ் சான்றிதழில் பதிவுகள் எதுவுமில்லை. எனினும், இவ்வீட்டு மாப்பிள்ளை களவு வழக்கொன்றில் பத்து மாதம் சிறை மறியலில் இருந்தவர் என அயலில் அறியக் கிடைத்தது.

கீழே அவளுடைய கையெழுத்து.

"இதுக்கு முன்ன ஒரு அரிசி ஆலை. பிறகு ஒரு பாமஸி. ரெண்டு இடத்துலயும் வரச் சொல்றம், வரச் சொல்றம் எண்டே விட்டுட்டாங்க. ஏன் எண்டு இப்பதான் விளங்குது." ஸுலைஹா குனிந்து கொண்டு பேசினாள். "அவர் இறக்காமத்து ஆள் மிஸ். கலியாணத்துக்கு முன்ன அங்க என்ன செஞ்சார் எண்டு நான் கண்டனா? நேத்துக் கேட்டன். எனக்குத் தெரியா எண்டதுக்கு மேல மனுஷன் ஒண்டும் கதைக்கல்ல. காலையில எழும்பி உடுப்பு எல்லாத்தையும் பேக்குல அடுக்கினார். உன்ட ஊட்டுல இரிந்து கள்ளன் பேர் கேக்க எனக்கு ஏலா, நான் உம்மாட ஊட்ட போறன் எண்டார். பின்னேரம் அஸர் தொழுதிட்டு பஸ் ஏறுவார்."

ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள்.

"செஞ்சிருந்தா செஞ்சார் எண்டு சொல்லுங்க. நான் தாங்கிருவன். செய்யாட்டி செய்யல்ல எண்டு சொல்லுங்க. ரெண்டும் தெரியாம அவர்ர மூஞ்சப் பாத்துச் சோறு போட எனக்கு ஏலாம இரிக்கு."

இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். பெண் தன் சீதன வீட்டில் இருப்பாள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவான். எத்தனை வருடம் ஆனாலும் அது அவள் வீடு. அங்கே முகம் கோணாமல் ஒரு வாய் சோறு தின்பதற்கே பல மாப்பிள்ளைமார் பட்டபாடு ஊருக்குத் தெரியும். கள்ளன் என்ற பெயரையும் வைத்துக் கொண்டு ஒருவன் எப்படி அங்கே இருப்பான்?

"மூணு மணிக்குள்ள சொல்றன். நீங்க ஊட்ட போங்க" என்றாள் ஜெனூபா.

ஸுலைஹா படியிறங்கியதும் அவள் அலுமாரியைத் திறந்து அக்ரமின் கோப்பை எடுத்தாள். முதல் அறிக்கை இரண்டு வருடத்துக்கு முந்தியது, அரிசி ஆலைக்குப் போனது. அடுத்தது மருந்து விற்கிற பாமஸிக்கு. மூன்றாவது இந்தப் பாடசாலைக்கு. மூன்றிலும் அதே வரி. தேதி மட்டும் மாறியிருந்தது. பழைய விசாரணை இருக்கிறதே, எதற்கு மறுபடி அலைவது என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

அந்த விசாரணைக் குறிப்பும் கோப்பில் இருந்தது. எழுத்து றஸாக்குடையது அல்ல. அவளுடையது. அன்றைக்கு றஸாக்குக்குக் காய்ச்சல் என்று அவளே பஸ் பிடித்துப் போய் விசாரித்து வந்தது நினைவு வந்தது.

"பொலிஸ் இல்ல எண்டுது. அயல் இரிக்கு எண்டுது. ஆர் காக்கா பொய் சொல்ற?"

"பொலிஸுக்கு எல்லாம் தெரியாது மிஸ். அயலுக்கு எல்லாம் தெரியும், அதுக்கு மேலயும் கொஞ்சம் தெரியும்."

"வண்டிய எடுங்க. சாய்ந்தமருதுக்குப் போவம்."

றஸாக் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க என்னத்துக்கு மிஸ்? இறக்காமத்துக்குப் போவம். ஆள் பொறந்து வளந்த இடம் அது. ஆனை வாற ஊர், மனுஷர் சொல்லாட்டியும் ஆனையிட்டயாவது விசாரிக்கலாம்."

அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இறக்காமம் போய்த் திரும்புவதற்குள் பாதி நாள் போய்விடும். "முதல்ல சாய்ந்தமருது" என்றாள். றஸாக் சாவியை எடுத்தார். படியிறங்கும்போது வழக்கமான கேலி, பகிடி ஒன்றும் விடவில்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

*

பிரதான வீதியில் தெற்கே கொஞ்சத் தூரம்தான். பள்ளிக்குப் பக்கத்தால் கடற்கரைக்கு இறங்குகிற வீதிக்குத் திரும்பியதும் றஸாக் வேகத்தைக் குறைத்தார்.

"இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல மிஸ். வழியச் சொல்லுங்க."

இடது என்றாள். இடது பக்கம் எடுத்தார். இரண்டாவது ஒழுங்கை என்றாள். இதுவா, அதுவா என்று கேட்டு எடுத்தார். ஒழுங்கை நேராகப் போய் ஓர் இடத்தில் முடங்கித் திரும்பியது. அந்த முடக்கில் ஓட்டோ திடீரென்று மறுபக்க வேலியை உரசுமளவுக்கு ஒதுங்கி வளைந்தது. ஜெனூபாவின் கைப்பை சீட்டிலிருந்து சறுக்கிக் கீழே விழுந்தது.

"என்ன காக்கா?"

"நாய் மிஸ்."

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு நாய் தென்படவில்லை. கொங்றீட் வீதியில் வெயில் மட்டும் கிடந்தது.

ஸுலைஹாவின் வீட்டுக்கு நாலு வளவு முன்பாகவே, ஒரு பூவரச மரத்தின் கீழே றஸாக் வண்டியை நிறுத்தினார். வெயிலில் விட்டால் சீட்டில் முட்டை பொரிக்கலாம், நீங்க போய்ட்டு வாங்க என்றார். மழைக்கு விடுகிற றெக்சின் திரையை ஏனோ ஒரு பக்கம் அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

பக்கத்து வளவில் முஹ்ஸின் வேலியோரம் சாக்கு விரித்து, கிழிந்த வலையைக் காலில் மாட்டிப் பொத்தித் தைத்துக் கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டிய மீன்பிடிக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஜெனூபாவுக்கு அந்தத் தகவலைச் சொன்னவர் இவர்தான்.

"முன்னம் வந்த மிஸ்தானே? இரிங்க" என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளினார்.

அவள் உட்காரவில்லை. "காக்கா, இந்த ஊட்டு மாப்புள மறியலுக்குப் போனவர் எண்டு அண்டைக்குச் சொன்னீங்க."

"ஓம். போனவர்தான். பத்து மாசம்."

"எந்த வருஷம்?"

"பெரிய வெள்ளம் வந்திச்சே, அந்த வருஷம். வெள்ளம் வடிஞ்ச கையோட நற்பிட்டிமுன வயல் வட்டையில தண்ணி மோட்டர் களவு போன கேஸ்."

ஜெனூபாவின் பேனை நின்றது. பெரிய வெள்ளம் வந்து பதின்மூன்று வருடமாகிறது. அக்ரம் கலியாணம் முடித்தது ஆறு வருடத்துக்கு முன்பு. அது கோப்பிலேயே இருந்தது, அவள்தான் எழுதியிருந்தாள்.

"காக்கா, இப்ப இரிக்கிற மாப்புள இந்த ஊட்டுக்கு வந்தது எப்ப?"

"இவரா? இவர் நேத்து வந்தவர். அஞ்சாறு வருஷம் இரிக்கும். நல்ல மனுஷன், முந்தாநாளும் என்ட எஞ்சின ஏத்தி இறக்கித் தந்தார்."

"அப்ப மறியலுக்குப் போனவர்?"

"அது முந்தின மாப்புள. இந்த ஊட்ட வித்துப்போட்டுப் புத்தளத்துக்குப் போன ஆக்கள்ர மருமகன். அவங்களுக்கிட்ட வாங்கித்தான் இந்தப் புள்ளைக்குச் சீதனமாக் குடுத்த." முஹ்ஸின் வலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீங்க இந்த ஊட்டு மாப்புள எப்பிடி எண்டு கேட்டீங்க. எனக்கு அவர்ர நெனப்புத்தான் வந்திச்சு. இவரக் கேக்கிறீங்க எண்டு நான் கண்டனா?"

"பேர் சொல்லல்லயே காக்கா நீங்க."

"நீங்களும் கேக்கல்லயே. மாப்புளமார ஆர் மிஸ் பேர் சொல்லிக் கூப்பிடுற? எட்டு வருஷம் இந்த வேலிக்கு அங்கால இரிந்தார், அவர்ர பேர் இண்டைக்கும் எனக்குத் தெரியா."

உண்மைதான். ஜெனூபாவின் கணவனையும் அவளுடைய ஒழுங்கையில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஜெனூபா ஊட்டு மாப்புள என்பார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அதனால்தான் அன்றைக்கு அந்தத் தகவலில் ஒரு பெயர் குறைகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதிவறையில் தகப்பன் பெயர் இல்லாத ஒரு குற்றப் பத்திரிகையைக் கண்டால் திருப்பி அனுப்புகிறவள் அவள். பெயரே இல்லாத ஒரு குற்றத்தை எடுத்து ஒரு மனிதனின் தலையில் வைத்து, மூன்று முறை கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அக்ரம் குற்றவாளி இல்லை. சொல்லவேண்டியது அவ்வளவுதான். ஆனால் விட்ட பிழையைத் திருத்தப் போகிறவள் அரைகுறையாகப் போகக்கூடாது என்று நினைத்தாள்.

"அந்த முந்தின மாப்புள என்ன தொழில் செஞ்சவர்?"

"ஓட்டோ ஓடினவர். சரியான பகிடிக்காரன். மய்யத்து உழுந்து ஆக்கள் அழுற ஊட்டுலயும் நாலு பேர வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓட வைப்பான்." முஹ்ஸின் தானே சிரித்துக் கொண்டார். "அந்தா, அந்த முடக்குல முன்ன ஒரு பொதுக் கிணறு இரிந்த. ஒருநாள் கிணத்துக் கட்டுல அடிச்சு முன்சில்ல வளைச்சிக்கிட்டார். அதுக்குப் பிறகு அந்த முடக்கால வரக்குள்ள மறுபக்க வேலிய உரசிக்கிட்டுத்தான் வருவார். நாங்க இஞ்ச இரிந்து சிரிக்கிற."

"இப்ப கிணறு எங்க?"

"கொங்றீட் போடக்குள்ள மூடிட்டாங்க. பத்து வருஷமாகுது."

ஜெனூபா முடக்கைத் திரும்பிப் பார்த்தாள். சமதரையாகக் கொங்றீட் கிடந்தது. மறுபக்க வேலியோரத்து மணலில் ஒரு ஓட்டோவின் சில்லுத் தடம் புதிதாகப் பதிந்திருந்தது.

*

அவள் வந்து ஏறினாள். றஸாக் வண்டியைத் திருப்பி வந்த வழியே எடுத்தார். முடக்கு வந்தது. ஓட்டோ மறுபடியும் ஒதுங்கி வளைந்தது. இந்த முறை அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நிப்பாட்டுங்க காக்கா."

நிறுத்தினார்.

"நாய் எங்க?"

றஸாக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார்.

"அந்தக் கிணறு மூடிப் பத்து வருஷமாம்" என்றாள் ஜெனூபா.

அவர் கையைத் தூக்கி ஹேண்டிலைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவருக்குச் சொல்வதற்குப் பகிடி ஒன்றும் கிடைக்கவில்லை.

"இதில வேணா மிஸ். கடக்கரைக்குப் போவம்."

தோணிகள் கரையேறிக் கிடந்த இடத்தில் நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார். மோட்டரைக் களவெடுத்தது வேறு இரண்டு பேர். ஏற்றிக் கொண்டு போனது இவர்.

"களவு எண்டு எனக்குத் தெரியும். தெரியாது எண்டு கோட்டில சொன்னன், அதுவும் பொய். பத்து மாசம் கழிச்சு வந்து வாசல் கடப்படியில நிண்டன். மாமி வேலிக்கு மேலால பேக்கத் தந்தா. பொஞ்சாதி காதியாரிட்டப் போய் பஸஹ் எண்டு விவாகரத்தும் எடுத்து முடிஞ்சிருந்திச்சு. அதுக்குப் பிறகு அந்த ஒழுங்கைக்கு நான் வரல்ல."

"அண்டைக்குக் காய்ச்சல்?"

"முகவரியச் சொன்னீங்களே மிஸ், அப்ப வந்த காய்ச்சல்."

"நீங்கதானே அறிக்கைய டைப் அடிச்ச. அந்த வரி ஆரப் பத்தின எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"ஓம்."

"பாமஸிக்கு அடிக்கக்குள்ள?"

"ஓம்."

"போன கிழம?"

றஸாக் தோணிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டார். தோணி ஒன்றின் நிழலில் காகம் மீன் செதிலைக் கொத்திக் கொண்டிருந்தது.

ஜெனூபாவுக்குக் கோபம் வந்தது. இறங்கி நடந்து போய்விடலாமா என்று கூட நினைத்தாள். ஒரு மனிதன் இரண்டு வருடம் வேலைக்கு அலைந்து, கடைசியில் பெண்சாதி வீட்டை விட்டுப் பெட்டி கட்டுகிறான். இவர் தினமும் தேத்தண்ணி வாங்கி வந்து சிரிக்க வைத்துக் கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே காக்கா."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மிஸ்?"

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பாள். மறியல் என்ற சொல் வந்துவிட்டால் அவளிடம் எத்தனை வருடப் பழசு, பிறகு ஆள் எப்படி நடந்தான் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. பொருத்தமற்றவர் என்று எழுதி முத்திரை குத்துவாள். அந்த முத்திரையை மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர் இவர்தான்.

"உங்கள நான் விசாரிக்கவே இல்ல" என்றாள் கடைசியில். "முதல் நாள் வந்தீங்க, சிரிக்க வச்சீங்க, சாவியத் தந்துட்டன்."

"ஓம் மிஸ். ரிக்கட் எடுக்காம ஏறின ஆள் நான்." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்து கொண்டார்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. "காரியாலயத்துக்குப் போங்க. திருத்தம் எழுதணும். மூணு மணிக்கு டீச்சர்ட்டப் போறன்" என்றாள். "என்ட பிழைய நான் சொல்றன். உங்கட பேர நான் சொல்ல மாட்டன். அது நீங்க சொல்லவேண்டிய பேர்."

*

நதீரா டீச்சர் கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. திருத்திய அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். வீடு கைமாறிய வருடம், அக்ரம் கலியாணம் முடித்த வருடம், களவு நடந்த வருடம் எல்லாம் அதில் இருந்தது. அரிசி ஆலைக்கும் பாமஸிக்கும் இதே திருத்தம் இன்றே போகிறது என்றும் இருந்தது.

"மறியலுக்குப் போனது அக்ரம் இல்ல, வேற ஆள் எண்டு எழுதியிரிக்கீங்க. அந்த வேற ஆள் ஆர்?"

"எனக்குத் தெரியும் டீச்சர். சொல்ல ஏலா."

டீச்சர் புதிய தாளைப் போன வாரத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. போன கிழம கள்ளன், இந்தக் கிழம நல்லவர். நான் எத நம்புற? அந்தப் புள்ள வந்து அழுதா எண்டு நீங்க மாத்தியிரிக்கமாட்டீங்க எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? என்ட பஸ்ஸுல நாப்பது புள்ளைகள் ஏறுது மிஸ். பேர் இல்லாட்டி இது வெறும் கடுதாசி."

பேர் இல்லாத கடுதாசியால் வந்த வினை, பேர் இல்லாத கடுதாசியால் தீரவும் மாட்டேன் என்றது. சுவர் மணிக்கூட்டில் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வெளியே வாங்குப் பலகையில் இன்னொரு சாரதி, விண்ணப்பக் கோப்பை மடியில் வைத்துக் காத்துக் கொண்டிருந்தான்.

கதவு தட்டப்பட்டது.

றஸாக் உள்ளே வந்தார். செருப்பை வெளியே கழற்றி வைத்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று.

"நான்தான் டீச்சர் அந்த மாப்புள."

உறைக்குள் அடையாள அட்டையும், மடிப்பில் கிழிந்து செலோரேப் ஒட்டிய ஒரு துண்டும் இருந்தன. மறியலிலிருந்து விடுதலையானபோது கொடுத்த துண்டு. பெயர், தகப்பன் பெயர், வழக்கு இலக்கம், திகதி. முகவரி அந்த ஒழுங்கையின் அந்த வீடு. எங்கே வைத்திருந்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். ஓட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் என்றார் றஸாக். ஐந்து வருடமாக ஜெனூபா அதன் மேல்தான் உட்கார்ந்து, ஊராரின் குற்றங்களைத் தேடிப் போய் வந்திருக்கிறாள்.

டீச்சர் துண்டையும் அறிக்கையையும் ஒத்துப் பார்த்தார். "இத்தன நாள் சொல்லாம இப்ப ஏன் சொல்றீங்க?"

"வாய மூடினா இது வந்திரும் எண்டு பயத்துலதான் டீச்சர் இவ்வளவு நாளும் பகிடி விட்டுக்கிட்டே இரிந்த. இண்டைக்கு அந்தப் புள்ள என்ட பகிடிக்குச் சிரிக்கல்ல." வெறும் உறையை மேசையில் நேராக்கி வைத்தார். "எனக்கும் ஒருநாள் வேலிக்கு மேலால பேக் வந்திச்சு. அது நான் செஞ்சதுக்கு வந்த. அவருக்கு வாறதும் நான் செஞ்சதுக்குத்தான்."

டீச்சர் பேனையைத் திறந்து அக்ரமின் விண்ணப்பத்தில் ஏதோ எழுதினார். "திங்கட்கிழம காலையில ஆறரைக்கு வரச் சொல்லுங்க" என்றார். பிறகு, குரலை உயர்த்தாமலே, "இனி ஆள் விசாரிக்கிறதுக்கு நான் வேற இடம் பாப்பன் மிஸ். கோவிக்க வேணா" என்றார்.

"கோவிக்க எனக்கு முகம் இல்ல டீச்சர்" என்றாள் ஜெனூபா.

முற்றத்தில் றஸாக் காரியாலயச் சாவியை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அலுமாரியில் நானூறு கோப்புக்கு மேல் இருந்தது. எத்தனை தாளில் 'எனினும்' என்று எழுதியிருக்கிறாள், அதில் எத்தனை பேர் பத்து மாதத்துக்காக ஆயுள் முழுக்க வாசலில் நிற்கிறார்கள் என்று இன்றைக்கு வரை அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

"உங்கள மன்னிச்சிட்டன் எண்டு நெனைக்காதீங்க காக்கா. எனக்கு இன்னும் கோவம் தீரல்ல."

"விளங்குது மிஸ்."

"திங்கட்கிழம அந்த அலுமாரியத் துறக்கிறம். 'எனினும்' எண்டு எழுதின ஒவ்வொரு ஊட்டுக்கும் திரும்பப் போகணும். எல்லாத்துக்கும் முன்ன உங்கட பேருல ஒரு கோப்புத் துறக்கணும். இந்தத் துண்டு அதுலதான் இரிக்கணும், சீட்டுக்குக் கீழ இல்ல." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "இப்ப வண்டிய எடுங்க. அஸருக்குப் பிறகு பஸ் இரிக்கு."

பள்ளியடியைத் தாண்டும்போது பாங்கு சொல்லி முடிந்து, தொழுகைக்கு ஆட்கள் உள்ளே போய்க் கொண்டிருந்தார்கள். ஒழுங்கையில் றஸாக் வழி கேட்கவில்லை. முடக்கு வந்ததும் ஜெனூபா பழக்கத்தில் கைப்பையைப் பிடித்துக் கொண்டாள். றஸாக் வேகத்தைக் குறைத்து, கிணறு இருந்த இடத்துக்கு மேலாகவே நேராக ஓட்டினார். பூவரச மரத்தைத் தாண்டி, ஸுலைஹாவின் கடப்படியிலேயே நிறுத்தினார்.

அக்ரம் வெளியில் நின்றான். வீட்டிலேயே தொழுதிருப்பான் போலிருந்தது, தலையில் தொப்பி இருந்தது. கையில் பேக். ஸுலைஹா கதவுநிலையைப் பிடித்துக் கொண்டிருந்தாள்.

றஸாக் இறங்கினார். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அந்த மண்ணில் கால் வைத்தவர், இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார்.

வேலிக்கு அப்பால் முஹ்ஸின் வலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, இந்த ஊட்டு மாப்புளயில்லையா இது?"

"இல்ல காக்கா." றஸாக் வேலிப் பக்கம் திரும்பினார். "இந்த ஊட்டு மாப்புளட பேர் அக்ரம். மறியலுக்குப் போனவன்ட பேர் றஸாக். அது நான்."

ஜெனூபா தாளை எடுத்து நீட்டினாள். "பிழ என்டதான், அக்ரம். மூணு தரம் எழுதினது என்ட கை. திங்கட்கிழம ஆறரைக்கு வேலைக்கு வரச் சொன்னாங்க."

அக்ரம் தாளை வாங்கவில்லை. ஸுலைஹாவைத்தான் பார்த்தான்.

"நீயும் நம்பினாய்தானே?"

"ஓம்" என்றாள் அவள். "நம்பினன்."

அவள் இறங்கி வந்து அவன் கையிலிருந்த பேக்கின் பிடியைப் பிடித்தாள். அவன் உடனே விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவன் கையை எடுத்தான். அவள் பேக்கைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்குள்ளே போனாள்.